செவான் ஏரி: ஒரு நீர்மட்டத்தின் வரலாறு

முடியரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்வதே வரலாறு என்ற கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலையுமே வரலாற்றுச் சான்றுகள் என நாம் கற்று வந்துள்ளோம். ஆயின், மலைநாடொன்றில் அமைந்த ஏரியின் நீர்மட்டமும் வரலாற்று ஆவணமாதல் கூடும். அம்மட்டம் எக்காலத்தில் இறங்கியது, எவருடைய தீர்மானத்தால் இறங்கியது, பின்னர் எம்முயற்சியால் ஏறியது என வினவப் புகின், ஒரு நாட்டின் ஒரு நூற்றாண்டு வரலாறே அதனுள் அடங்கியிருக்கக் காணலாம். ஆர்மீனியாவின் செவான் ஏரி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவ்வேரியின் புவியியலையும், அதனைச் சார்ந்து வாழும் உயிரினங்களையும், அதன் நீரைக் குறித்து இருபதாம் நூற்றாண்டில் மனிதர் இட்ட கணக்கினையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆர்மீனியர் தமிழருக்கு முற்றிலும் அந்நியரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டினத்தில் ஆர்மீனிய வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்தனர். உலகின் முதலாவது ஆர்மீனிய மொழிச் சஞ்சிகை 1794ஆம் ஆண்டில் அந்நகரிலேயே அச்சேறியது. அவர்களுடைய தேவாலயமும் அவர்கள் பெயரால் வழங்கும் தெருவும் அங்கு இன்றும் உள்ளன. எனினும், அவ்வணிகரின் மூதாதையர் தாயகமாகக் கொண்டிருந்த மலைநாட்டைப் பற்றி நம்மவர் அறிந்தது சிறிதேயாம்.

அமைவிடமும் நில அமைப்பும்

செவான் ஏரி ஆர்மீனியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள கெகார்க்கூனிக் மாகாணத்தில் அமைந்துள்ளது. மேற்கே கெகாம் மலைத்தொடரும், தெற்கே வார்தெனிஸ் மலைத்தொடரும், வடகிழக்கே அரெகூனி, செவான் ஆகிய மலைத்தொடர்களும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. மேற்கிலும் தெற்கிலுமுள்ள மலைகள் அவிந்துபோன எரிமலைகளாம். கெகாம் தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய அஷ்தகாக் 3,597 மீற்றர் உயரமுடையது. புவியோட்டின் அசைவினால் தாழ்ந்த பள்ளமொன்றை எரிமலைக் குழம்பு மறித்தமையால் நீர் தேங்கி இவ்வேரி உருவாகியது என்பது புவிச்சரிதவியலாளரின் பொதுக் கருத்தாகும்.

மனிதர் கைவைப்பதற்கு முன்னர் ஏரியின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,916 மீற்றர் உயரத்தில் இருந்தது. அக்காலத்தில் அதன் பரப்பளவு 1,416 சதுர கிலோமீற்றர். கனவளவு ஏறத்தாழ 58 கன கிலோமீற்றர். இத்துணை உயரத்தில் இத்துணைப் பெரிய நன்னீர்ப் பரப்பு அமைந்திருத்தல் உலகில் அரிதாகவே காணப்படுவதொன்று. நொராத்துஸ், அர்த்தானிஷ் என்னும் இரு முனைகள் எதிரெதிரே நீண்டு நின்று ஏரியை இரு கூறாக்குகின்றன. வடமேற்கிலுள்ள சிறு செவான் பரப்பிற் குறைந்தது. ஆயின் ஆழம் மிக்கது. அதன் மிகக்கூடிய ஆழம் ஆதியில் ஏறத்தாழ 99 மீற்றராக இருந்தது. தென்கிழக்கிலுள்ள பெருஞ் செவான் பரப்பிற் பெரியது, ஆழத்திற் குறைந்தது. இவ்வேறுபாட்டினை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னாளிற் தீட்டப்பட்ட திட்டம் பெருஞ் செவானை முற்றாக வற்றச் செய்ய எண்ணியமைக்கு இவ்வாழக் குறைவே அடிப்படையாயிற்று.

சூழவுள்ள மலைகளிலிருந்து இருபத்தெட்டு ஆறுகள் ஏரியில் வந்து கலக்கின்றன. அதிலிருந்து வெளிச்செல்லும் ஆறோ ஒன்றேயொன்றுதான். ஹ்ராஸ்தான் எனப்படும் அவ்வாறு, தலைநகராகிய யெரெவானை ஊடறுத்துச் சென்று, அராரத் சமவெளியில் அராக்ஸ் ஆற்றுடன் சேர்கின்றது. ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்துள் அது ஆயிரம் மீற்றருக்கும் மேலாகக் கீழிறங்குகின்றது. நீர்மின் பொறியியலாளர் ஒருவருக்கு இதனைக் காட்டிலும் கவர்ச்சியான வாய்ப்பு வேறொன்று இருத்தலரிது.

ஆயினும், இயற்கை நிலையில் அவ்வாறு ஏரியிலிருந்து எடுத்துச் சென்ற நீர் மிகச் சொற்பமே. மலைநாட்டின் கடும் வெயிலும் ஓயாத காற்றும் ஏரியின் அகன்ற மேற்பரப்பிலிருந்து ஆண்டுதோறும் பெருமளவு நீரை ஆவியாக்கி விடுகின்றன. ஆறுகளும் மழையும் பனியும் கொணர்ந்து சேர்த்த நீரின் மிகப் பெரும்பங்கு இவ்விதம் வானிற் கலந்தது. எஞ்சிய சிறுபங்கே ஹ்ராஸ்தான் வழியாகவும் நிலத்தடியாகவும் வெளியேறியது. வரவும் செலவும் ஒத்திருந்தமையால் நீர்மட்டம் பெரிதும் மாறாது நின்றது. கரையோரத்துக் கூழாங்கற் படுக்கைகளும், அவற்றை நம்பி வாழ்ந்த உயிர்களும் இந்நிலைபேற்றினையே ஆதாரமாகக் கொண்டிருந்தன.

கரையில் வாழ்ந்த மக்கள்

செவான் கரையில் மக்கட் குடியிருப்பு மிகப் பழமையானது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் உராத்து அரசர்கள் இப்பகுதியை வென்று ஆப்பெழுத்துக் கல்வெட்டுகளைப் பொறித்தனர். முதலாம் அர்கிஷ்தியின் கல்வெட்டு லிச்சாஷெனிலும், முதலாம் ரூசாவின் கல்வெட்டு தென்கரையில் சோவினாரிலும் காணப்படுகின்றன. இடைக்கால ஆர்மீனியர் இதனைக் கெகாமக் கடல் என்றழைத்தனர். மலைகளால் சூழப்பட்டுக் கடலைக் காணாத மக்களுக்கு இவ்வேரியே கடலாயிற்று. துருக்கிய மொழி பேசியோர் இதனைக் கோக்சா என வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலப்படங்களிலும் அப்பெயரே பெரிதும் காணப்படுகின்றது.

ஏரியின் வடமேற்கில் கரையை அடுத்துச் சிறு தீவொன்று இருந்தது. கி.பி. 874இல், பின்னர் ஆர்மீனியாவின் அரசனான முதலாம் அஷோத்தின் மகள் மரியாம் அத்தீவில் துறவிமடமொன்றை நிறுவினாள். செவானவாங்க் எனப்படும் அம்மடத்தின் இரு தேவாலயங்கள் கருங்கல் முகடுகளுடன் இன்றும் நிலைத்து நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரும்பரசன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் அஷோத் இத்தீவையே அரணாகக் கொண்டு அராபியப் படையொன்றை எதிர்த்து முறியடித்தான். நீர் நாற்புறமும் சூழ்ந்திருந்தமையே அம்மடத்திற்கும் அவ்வரசனுக்கும் காவலாயிற்று. மேற்குக் கரையில், நொராத்துஸ் என்னுமிடத்தில், சிலுவை செதுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நினைவுக் கற்களைக் கொண்ட பழைய இடுகாடொன்று உண்டு.

1930ஆம் ஆண்டில் உருசியக் கவிஞர் ஒசிப் மந்தெல்ஷ்தாம் செவான் தீவிற் சில வாரங்கள் தங்கியிருந்தார். அவ்வனுபவம் 1933இல் வெளிவந்த அவரது ஆர்மீனியப் பயணநூலில் இடம்பெற்றது. படகேறிச் சென்று தீவிலே தங்கிய இறுதித் தலைமுறையினருள் அவரும் ஒருவர் எனலாம். இருபத்தைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தீவு தீவாக இருக்கவில்லை.

ஏரியின் உயிரினங்கள்

செவானின் மிகப் புகழ்பெற்ற உயிரினம் இஷ்கான் எனப்படும் மீனாகும். ஆர்மீனிய மொழியில் இஷ்கான் என்பது இளவரசன் எனப் பொருள்படும். சல்மன் குடும்பத்தைச் சார்ந்த இந்த ட்ரவுட் மீனினம் உலகில் செவானுக்கேயுரியது. உருசிய விலங்கியலாளர் கெஸ்லர் 1877இல் இதனை விஞ்ஞான முறைப்படி விவரித்தார். ஒரே ஏரியில் வாழ்ந்த போதிலும் இவ்வினம் நான்கு வகைகளாகப் பிரிந்திருந்தமை வியப்புக்குரியது. குளிர்கால பக்தக், கோடைகால பக்தக், கெகார்க்கூனி, போஜாக் என்பன அந்நான்குமாம். அவற்றைப் பிரித்து வைத்தது முட்டையிடும் இடமும் காலமுமேயாகும். கெகார்க்கூனி ஆறுகளில் ஏறிச் சென்று முட்டையிடுவது. கோடைகால பக்தக் ஆறுகளிலும் அவற்றின் முகத்துவாரங்களிலும் முட்டையிடுவது. குளிர்கால பக்தக்கும் சிறிய உருவினதாகிய போஜாக்கும் ஆறுகளை நாடாது ஏரியினுள்ளேயே முட்டையிட்டன. இவற்றுள் குளிர்கால பக்தக் மிகப் பெரியதாக வளரவல்லது. பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடைய மீன்களும் பிடிக்கப்பட்டதுண்டு. கரையோரத்துக் கூழாங்கற் படுக்கைகளே அதன் முட்டைகளுக்குத் தொட்டிலாயிருந்தன.

இஷ்கானைத் தவிர, கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த கோகாக், பெக்லு என்னும் மீன்களும் ஏரிக்கு உரியவை. பறவைகளுள் ஆர்மீனியக் கடற்காகம் குறிப்பிடத்தக்கது. ஆர்மீனியாவின் பெயரையே தாங்கிய இப்பறவை செவானிலுள்ள சிறு தீவுகளிற் கூட்டங் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. தென்கிழக்குக் கரையை அடுத்து, மஸ்ரிக் ஆற்றின் முகத்துவாரத்தருகே, கில்லி என்னும் சிற்றேரி இருந்தது. நாணலும் சேறும் நிறைந்த ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேயர் பரப்புள்ள அச்சதுப்பு நிலம் தாராக்களுக்கும் வாத்துகளுக்கும் நீர்க்கோழிகளுக்கும் உறைவிடமாயிருந்தது. வடக்கிலிருந்து தெற்கே வலசை செல்லும் பறவைகளுக்கு இடைத்தங்கலாகவும் விளங்கியது. வடகிழக்கே, அரெகூனி மலைச்சரிவுகளில், பழங்காலக் காடுகளின் எச்சமாக ஜூனிப்பர் மரங்கள் இன்றும் காணப்படுகின்றன.

ஏரியின் உயிரியல் அமைப்பில் மனிதர் செய்த முதல் மாற்றம் நீரை இறக்கியமையன்று, அயல்மீனைப் புகுத்தியமையேயாகும். 1920களில் லடோகா முதலிய வட உருசிய ஏரிகளிலிருந்து சிக் எனப்படும் வெண்மீன் கொண்டுவந்து விடப்பட்டது. மக்களின் உணவுத் தேவையை நோக்கிச் செய்யப்பட்ட காரியம் அது. சில பத்தாண்டுகளில் அம்மீன் பெருகி, இஷ்கானுடன் உணவுக்குப் போட்டியிடலாயிற்று.

ஆவியாகும் கோடிகள்

1910ஆம் ஆண்டில் சூக்கியாஸ் மனசெரியான் என்னும் ஆர்மீனியப் பொறியியலாளர் உருசிய மொழியில் நூலொன்றை வெளியிட்டார். அதன் தலைப்பு 'ஆவியாகும் கோடிகள்' எனப் பொருள்படும் சொற்களுடன் தொடங்கியது. தலைப்பே அவருடைய வாதத்தின் சுருக்கமாகும். ஏரியின் அகன்ற மேற்பரப்பிலிருந்து ஆண்டுதோறும் பயனின்றி ஆவியாகும் நீர் உண்மையில் ஆவியாகும் பணமே என அவர் கண்டார். ஏரியின் மட்டத்தை ஏறத்தாழ ஐம்பது மீற்றர் இறக்கினால் பெருஞ் செவான் வற்றும். சிறு செவான் மட்டும் எஞ்சும். மேற்பரப்பு சுருங்குவதால் ஆவியாதலும் சுருங்கும். அவ்வாறு மிச்சமாகும் நீர் ஆண்டுதோறும் ஹ்ராஸ்தான் வழியே இறங்கி மின்சாரம் தரும். பின்னர் அராரத் சமவெளியின் வறண்ட நிலத்தில் பாய்ந்து பயிர் விளைவிக்கும். எண்கணித முறையில் நோக்குமிடத்து இவ்வாதத்தில் பிழை காண்பதரிது.

இத்திட்டத்தை இன்று நின்று நோக்கி நகைப்பது எளிது. ஆயின், அது நடைமுறைக்கு வந்த சூழலையும் நாம் சீர்தூக்கல் வேண்டும். 1915இல் ஒட்டோமன் பேரரசில் நிகழ்ந்த இனப்படுகொலையிலிருந்து தப்பிய இலட்சக்கணக்கான அகதிகள் இம்மலைநாட்டில் வந்து குவிந்தனர். 1918இல் தோன்றிய சுதந்திரக் குடியரசு பஞ்சத்தாலும் நோயாலும் போராலும் நலிந்து, 1920இன் இறுதியிற் சோவியத் ஆட்சிக்குட்பட்டது. விறகும் நிலக்கரியும் எண்ணெயும் அருகிய நாடு அது. விளைநிலமோ மிகக் குறைவு. உணவும் ஒளியும் வேண்டி நின்ற அம்மக்களுக்கு, மலையுச்சியில் தேங்கி நின்ற நீர் கைக்கெட்டும் செல்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மனசெரியானின் கருத்தினை அடியொற்றி செவான்–ஹ்ராஸ்தான் திட்டம் 1930களின் தொடக்கத்தில் அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வற்றிய பெருஞ் செவானின் தரையில் மரங்களை நாட்டலாம் என்றும், எஞ்சிய சிறு செவானில் ட்ரவுட் மீனைச் செழிப்பாக வளர்க்கலாம் என்றும் திட்டமிட்டோர் நம்பினர்.

1933இல் ஹ்ராஸ்தான் ஆற்றின் தலைப்பகுதியை ஆழமாக்கும் வேலை தொடங்கியது. 1936இல் கனக்கெர் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போர் வேலைகளைத் தாமதப்படுத்தியது. இயற்கை மட்டத்துக்குப் பல மீற்றர் கீழே துளைக்கப்பட்ட சுரங்கவழி 1949இல் முற்றுப்பெற்ற பின்னரே ஏரி விரைந்து இறங்கத் தொடங்கியது. ஆண்டொன்றுக்கு ஒரு மீற்றருக்கும் மேலாக நீர்மட்டம் வீழ்ந்தது. ஹ்ராஸ்தான் ஆற்றின் வழியே மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. யெரெவான் நகரின் ஆலைகள் இயங்கின. அராரத் சமவெளியில் திராட்சையும் பழமரங்களும் செழித்தன. திட்டம் வாக்களித்த நன்மைகள் கிட்டவில்லை என்று கூறுதல் பொருந்தாது. அவை கிட்டின. அவற்றின் விலை எத்துணை என்பதே பின்னர் தெரியவந்தது.

நீர் இறங்கிய காலம்

நீர் இறங்கியபோது முதலில் வெளிப்பட்டது பழைய வரலாறேயாகும். தீவுக்கும் கரைக்கும் இடையிலிருந்த நீர்ப்பரப்பு தரையாகி, 874ஆம் ஆண்டின் துறவிமடம் குடாநாடொன்றின் முனையில் நின்றது. மேற்குக் கரையில், லிச்சாஷெனில், நீருக்கடியிற் கிடந்த வெண்கலக் காலப் புதைகுழிகள் வெளித்தோன்றின. 1950களில் அங்கு நடைபெற்ற அகழ்வாராய்ச்சியில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த மரவண்டிகள் கண்டெடுக்கப்பட்டன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஈரமண் அவற்றைச் சிதையாது காத்திருந்தது. யெரெவானிலுள்ள வரலாற்று நூதனசாலையில் அவ்வண்டிகள் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஏரியின் இழப்பினால் தொல்லியல் பெற்ற பேறு இது.

உயிரினங்களின் நிலையோ வேறாயிற்று. குளிர்கால பக்தக் முட்டையிட்ட கூழாங்கற் படுக்கைகள் கரையில் வெயிலிற் காய்ந்தன. ஓராண்டில் முட்டையிட்ட இடம் மறு ஆண்டில் தரையாயிற்று. புதிதாகக் கரையாகிய இடங்களிற் பெரும்பாலும் மண்ணும் சேறுமே இருந்தன. ஏரியினுள்ளேயே முட்டையிட்ட இரு வகைகளும், குளிர்கால பக்தக்கும் போஜாக்கும், படிப்படியாக அருகி மறைந்தன. ஆற்றில் முட்டையிட்ட வகைகளுக்கும் இடர் நேர்ந்தது. ஆறுகளின் நீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. எஞ்சிய நீரில் ஏறிய மீன்கள் களவாகப் பிடிக்கப்பட்டன. மீன்குஞ்சு பொரிப்பு நிலையங்கள் இல்லாதிருப்பின் கெகார்க்கூனியும் கோடைகால பக்தக்கும் கூட எஞ்சியிரா. 1960ஆம் ஆண்டளவில் கில்லி ஏரியும் விவசாயத்தின் பொருட்டு வடிக்கப்பட்டது. அங்கு கூடுகட்டிய பறவைகளுட் பல அப்பகுதியை விட்டே நீங்கின.

இதனினும் ஆழமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது. ஆழமான ஏரியொன்றில் கோடையில் மேல்நீர் வெப்பமடையும். அடிநீர் குளிர்ந்தே இருக்கும். மேலிருந்து வீழும் இறந்த உயிர்ப்பொருள்கள் அடிநீரிலுள்ள ஒட்சிசனைக் கொண்டே சிதைவடைகின்றன. அடிநீர் மிகுதியாயிருந்த காலத்தில் ஒட்சிசனும் போதியதாயிருந்தது. நீர்மட்டம் இறங்கியபோது மேல்நீரின் தடிப்புக் குறையவில்லை, குறைந்தது அடிநீரே. சுருங்கிய அடிநீரில் ஒட்சிசன் கோடை முடியுமுன்னரே தீர்ந்துபோயிற்று. அடிமண்ணிலிருந்து போசணைப் பொருள்கள் மீண்டும் நீரிற் கலந்தன. கழனிகளின் உரமும் ஊர்களின் கழிவும் அவற்றோடு சேர்ந்தன. 1964ஆம் ஆண்டுக் கோடையில் செவானின் நீர் நீலப்பச்சை அல்காக்களால் நிறம் மாறியது. பல மீற்றர் ஆழம் வரை கண்ணுக்குத் தெளிவாயிருந்த ஏரி கலங்கிற்று. நீரின் அளவு பற்றியே இட்ட கணக்கில் நீரின் தன்மைக்கு இடமில்லாதிருந்தமை அவ்வாண்டில் யாவர்க்கும் புலனாயிற்று.

மறுசிந்தனையும் மீட்புப் பணியும்

ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் அல்காக்கள் தோன்றுமுன்னரே எழுந்திருந்தது. 1953இல் ஸ்டாலின் இறந்த பின்னர், 1950களின் பிற்பகுதியில், ஆர்மீனிய விஞ்ஞானிகள் திட்டத்தை மீளாய்வு செய்யத் தலைப்பட்டனர். ஐம்பது மீற்றர் இறக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. மின்சாரத்துக்கு வேறு வழி தேடப்பட்டது. 1966இல் ஹ்ராஸ்தானில் அனல்மின் நிலையமும், 1976இல் மெட்சமோரில் அணுமின் நிலையமும் இயங்கத் தொடங்கின. எனினும் இறங்கிய நீர் தானாக ஏறாது. ஆவியாதல் வழக்கம்போல் நடைபெற, பாசனத் தேவையும் தொடர்ந்தது. எனவே வேறோர் ஆற்றின் நீரைச் செவானுக்குக் கொணர்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.

தெற்கே வார்தெனிஸ் மலைகளுக்கு அப்பாற் பாயும் அர்ப்பா ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து ஏறத்தாழ 48 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழி அமைக்கும் பணி 1960களிற் தொடங்கியது. கடும் பாறையும் நிலத்தடி நீரும் நச்சுவாயுவும் குறுக்கிட்ட அப்பணி 1981இலேயே முடிவுற்றது. அதன்வழி ஆண்டுக்கு 20 கோடி கனமீற்றர் வரை நீர் செவானை அடையலாயிற்று. அதுவும் போதாதெனக் கண்டு, மேலும் தெற்கேயுள்ள வொரொத்தான் ஆற்றின் நீரை அர்ப்பாவுக்குக் கொணர இன்னொரு சுரங்கவழி திட்டமிடப்பட்டது. ஏரியிலிருந்து நீரை வெளியேற்றச் சில கிலோமீற்றர் தோண்டினால் போதுமாயிருந்தது. நீரை உள்ளே கொணர்வதற்கோ மலைத்தொடர்களையே துளைக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 1978இல் ஏரியும் அதன் சுற்றுப்புறமும் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

1980களின் இறுதியில் நீர்மட்டம் சிறிது ஏறியது. அவ்வேளையில் நாடு மீண்டும் பேரிடருக்குள்ளாயிற்று. 1988 டிசம்பர் 7ஆம் நாள் ஸ்பித்தாக் நகரை மையமாகக் கொண்ட நிலநடுக்கம் வட ஆர்மீனியாவை அழித்தது. பாதுகாப்புக் கருதி 1989இல் மெட்சமோர் அணுமின் நிலையம் மூடப்பட்டது. 1991இற் சோவியத் ஒன்றியம் கலைந்தது. நாகொர்னோ கரபாக் போர் மூண்டது. எரிபொருள் வரும் வழிகள் அடைபட்டன. 1992 முதல் 1995 வரையான குளிர்காலங்களில் நாளொன்றுக்குச் சில மணிநேரமே மின்சாரம் கிடைத்தது. வீதியோர மரங்களை வெட்டி எரித்து மக்கள் குளிர் காய்ந்தனர். அந்நிலையில் அரசுக்கு எஞ்சியிருந்த வழி செவானின் நீரைத் திறந்துவிடுவதேயாகும். முப்பதாண்டு முயற்சியால் ஏறிய நீர் மீண்டும் இறங்கியது. 2001ஆம் ஆண்டளவில் ஏரி ஏறத்தாழ 1,896 மீற்றருக்குத் தாழ்ந்தது. இயற்கை மட்டத்துடன் ஒப்பிடின், ஏறத்தாழ இருபது மீற்றர் வீழ்ச்சி இது. கனவளவும் ஏறத்தாழ 33 கன கிலோமீற்றராகக் குறைந்திருந்தது.

அம்முடிவை எடுத்தோரைக் குறைகூறத் துணிவோர், உறைபனிக் காலத்தில் இருளில் வாடிய வைத்தியசாலையொன்றை ஒருகணம் நினைத்தல் வேண்டும். 1930களிலும் 1990களிலும் செவானின் நீரை எடுத்தோர் தேவையினாலேயே எடுத்தனர். வேறுபாடு ஒன்றுண்டு. முன்னையோர் தாம் எடுப்பது வீணாகப் போகும் பொருள் என நம்பினர். பின்னையோர் தாம் எடுப்பது எதுவென அறிந்தே, வேறு வழியின்றி எடுத்தனர்.

இக்கால நிலை

1995இல் மெட்சமோர் நிலையத்தின் ஓர் உலை மீண்டும் இயங்கத் தொடங்கியபின் ஏரியின் மீதிருந்த அழுத்தம் தணிந்தது. 2001இல் ஆர்மீனியப் பாராளுமன்றம் செவான் ஏரிக்கெனத் தனிச்சட்டமொன்றை நிறைவேற்றியது. நீர்மட்டத்தை உயர்த்தி 1,903.5 மீற்றருக்குக் கொணர்வது அதன் குறிக்கோளாகும். ஆண்டுதோறும் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கும் அச்சட்டம் எல்லை வகுத்தது. வொரொத்தான் சுரங்கவழியும் 2000களின் தொடக்கத்தில் நிறைவேறியது. 2010களின் பிற்பகுதியில் நீர்மட்டம் 1,900 மீற்றரைத் தாண்டியது. சட்டம் குறித்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை.

மீட்பும் தனக்கே உரிய இடர்களைக் கொண்டுவந்தது. நீர் பின்வாங்கிய தரையில் நாட்டப்பட்ட மரங்களும், பின்னர் எழுந்த வீடுகளும் விடுதிகளும் ஏறிவரும் நீரில் மூழ்கலாயின. மூழ்கிய மரங்கள் அழுகி நீரை மாசுபடுத்துகின்றன. ஆதலின் அவற்றை முன்கூட்டியே அகற்றல் அவசியமாயிற்று. ஒரு தலைமுறை செய்த பிழையின்மேல் அடுத்த தலைமுறை வீடு கட்டிவிடுமாயின், பிழையைத் திருத்துவதும் ஒருவருக்கு நட்டமாகவே முடிகின்றது. 2018, 2019ஆம் ஆண்டுகளின் கோடைகளில் அல்காக்கள் மீண்டும் பெருகி ஏரியைப் பச்சையாக்கின. 1980களில் ஏரிக்குள் வந்து சேர்ந்த நன்னீர்ச் சிங்கிறாலும், கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த அயல்மீனொன்றும் அங்கு நிலைபெற்றுவிட்டன. ஒருகாலத்தில் இஷ்கானை நெருக்கிய சிக் மீன்கூட அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டமையால் குன்றியது.

இங்கு குறிப்பிடத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. 1930களில் கெகார்க்கூனி வகை மீன்கள் மத்திய ஆசியாவிலுள்ள இஸ்ஸிக்குல் ஏரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தாயகத்தில் நலிந்த அம்மீன் கிர்கிஸ் நாட்டு மலையேரியில் பெரிதாக வளர்ந்து செழித்தது. ஆயின், அங்குள்ள சுதேச மீன்களுக்கு அது கேடாகவும் அமைந்தது. தன் ஏரியில் அரியதாகிய ஓர் உயிர், பிறர் ஏரியில் அழிவு செய்வதாயிற்று. ஓரிடத்துக்குரிய உயிரை வேறிடத்தில் வைத்துக் காத்துவிடலாம் என எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

முடிவுரை

செவானின் நூற்றாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அறிவியலும் பொறியியலும் தீயன என்பதன்று. நீரை வெளியேற்றிய பொறியியலே நீரை மீட்கவும் உதவியது. ஏரியின் நோயைக் கண்டறிந்தோரும் விஞ்ஞானிகளே. குறைபாடு கணக்கின் எல்லையிலேயே இருந்தது. மனசெரியான் ஏட்டில் மின்சாரம் வரவாகவும் ஆவியாதல் செலவாகவும் பதியப்பட்டன. குளிர்கால பக்தக்கின் கூழாங்கற் படுக்கையும், கில்லியின் நாணலும், அடிநீரின் ஒட்சிசனும் எந்தப் பக்கத்திலும் பதியப்படவில்லை. பயனின்றி வானிற் கலந்ததாக எண்ணப்பட்ட நீரே ஏரியின் பரப்பையும் ஆழத்தையும் நிலைபெறச் செய்திருந்தது என்பது பின்னரே விளங்கியது.

இழப்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதும் இவ்வரலாற்றினாற் புலப்படுகின்றது. நீரை மீட்கலாம், அதற்கு இரு சுரங்கவழிகளும் அரை நூற்றாண்டும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. சதுப்பு நிலத்தையும் ஓரளவு மீட்கலாம். ஏரியின் மட்டம் ஒருநாள் 1,903.5 மீற்றரை எட்டவும் கூடும். அன்று அக்கரையில் கூழாங்கற்கள் மீண்டும் நீரில் மூழ்கியிருக்கும். ஆயின், குளிர்காலத்தில் அங்கு வந்து முட்டையிட்ட மீன் வரப்போவதில்லை. இனியொரு நாட்டில் இனியொருவர் இயற்கையின் நீரையோ நிலத்தையோ காட்டையோ பயனற்றுக் கிடப்பதாகக் கணக்கிட முற்படும்போது, மீட்கத்தக்கது எது, மீட்க இயலாதது எது என்னும் வினாவை முதலில் எழுப்புவாராயின், செவானின் வரலாறு வீணாயிற்றென்று கூறவேண்டியிராது.